திருப்பிக் கொடுத்த பதக்கம்

1980ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், ஆஸ்திரிய நாட்டுப் பெண்கள் மூவர் ஜூடோவில் உலகப் பட்டம் பெற்றனர். எடித் ஹ்ரோவாட், கெர்டா விங்க்ல்பௌவர், எடித் சீமோன் என்பன அவர்தம் பெயர்கள். எட்டுப் பிரிவுகளில் மூன்றை ஒரு சிறு நாடு கைப்பற்றியது வியப்பன்றோ! அவர்களைப் பற்றி எழுதத்தான் நான் முதலில் எண்ணினேன். ஆயின் படிக்கப் படிக்க, பெண்களுக்கான அந்த முதல் உலகப் போட்டி நடைபெறக் காரணமாயிருந்த வேறொரு பெண்மணி என் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டார். அவரே ரஸ்டி கனோகோகி அம்மையார்.

1935இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ரீனா கிளிக்மன். இளமையில் தெருச் சிறுமியர் கும்பல் ஒன்றுக்குத் தலைவியாயிருந்தார் என்றால், வளர்ந்த சூழலை நாமே ஊகித்துக் கொள்ளலாம். 1955இல் நண்பர் ஒருவர் ஜூடோப் பிடி ஒன்றைச் செய்து காட்டினார். எதிரியின் விசையையே கொண்டு எதிரியை வீழ்த்தும் அக்கலை, சினம் மிகுந்த அப்பெண்ணை அமைதிப்படுத்தியது. ஜூடோ என்னும் சொல்லுக்கே மென்மையின் வழி என்பதுதான் பொருள்.

பயிற்சி பெறத் தடையில்லை, போட்டியிடத்தான் தடை. 1959இல் யூட்டிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் மாநில அளவிலான குழுப் போட்டி நடந்தது. குழுவில் ஆடவர் ஒருவர் காயமுற்றார். ரஸ்டி தலைமுடியைக் குறைத்து, மார்பைத் துணிப்பட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு அவருக்கு மாற்றாக இறங்கினார், எதிராளியை வீழ்த்தினார். குழுவும் வென்றது. கழுத்தில் பதக்கம் ஏறியது.

அதன்பின் நடந்ததுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. போட்டியை நடத்தியவர் அவரைத் தனியே அழைத்து, நீ பெண்ணா என்று வினவினார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பதக்கம் நிலைத்திருக்கும்! அவர் ஆம் என்றார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜூடோப் பாயில் ஒருநாளும் கால் வைக்காதவள் நான். எனினும் எதிராளியை வீழ்த்தியதைவிட அந்த ஒரு சொல்லுக்கே மிகுந்த வலிமை வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1962இல் ஜப்பானுக்குச் சென்றார். ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய கோடோகான் பயிலகத்தில் பெண்களுக்குத் தனிக்கூடம் இருந்தது. அங்கிருந்தோர் எவரும் அவருக்கு ஈடாகவில்லை. எனவே ஆடவருடன் பெருங்கூடத்தில் பயில இசைவு கிடைத்தது. அவ்வாறு பயின்ற முதற் பெண் அவரே. அங்கு அறிமுகமான ரியோஹெய் கனோகோகி என்னும் ஜூடோ வீரரை 1964இல் மணந்தார். அதே ஆண்டில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது, ஆடவருக்கு மட்டும்!

பெண்களுக்கு உலகப் போட்டியே இல்லாதபோது ஒலிம்பிக்கில் இடம் கேட்பது எங்ஙனம்? எனவே தம் வீட்டை அடமானம் வைத்து 1980ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பணம் திரட்டினார். ஆஸ்திரிய மங்கையர் மூவரும் பட்டம் சூடிய மேடை, இவ்வாறு ஒருவரின் வீட்டுக் கடனில் எழுந்த மேடை! வீட்டார் என்ன பாடுபட்டார்களோ!

1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அமெரிக்க மகளிர் குழுவுக்குப் பயிற்சியாளர் ரஸ்டியே. 1992இல் பார்சிலோனாவில் முழுமையான பதக்கப் போட்டியாயிற்று. 2004இல் ஏதென்ஸில் ஆஸ்திரியாவின் கிளாடியா ஹைல் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அந்த வழியில் வந்தே.

2008இல் ஜப்பான் அரசு உதிக்கும் ஞாயிறு என்னும் பெயருடைய விருதை அவருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ஒய்.எம்.சி.ஏ. அவரை அழைத்துத் தங்கப் பதக்கம் அணிவித்தது. அப்போது புற்றுநோய் அவர் உடலை வாட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதங்களே அப்பதக்கம் அவரிடம் இருந்தது. 2009 நவம்பர் 21இல் தம் எழுபத்து நான்காம் வயதில் மறைந்தார்.