பள்ளி மேடையில் எந்தப் பாட்டு? சிதம்பரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியார்

ஆண்டு விழா வந்தால் எல்லா இசை ஆசிரியருக்கும் ஒரே தலைவலிதான். நாற்பது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தாச்சு, சுருதிப்பெட்டியும் ரெடி. ஆனால் எதைப் பாட வைப்பது? கர்நாடக கீர்த்தனை என்றால் பெரும்பாலும் தெலுங்கு, இல்லையென்றால் சமஸ்கிருதம். பிள்ளைகள் அழகாகத்தான் பாடுவார்கள், அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான்.

இதே கேள்வியை எண்பது வருஷத்துக்கு முன்பே சிதம்பரத்தில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர் இருக்கிறார். சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், அவர் பாடகர் இல்லை. வட்டிக்கடை, வங்கி, பர்மா வியாபாரம் என்று இருந்த செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. பெயர், அண்ணாமலை செட்டியார்.

1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். 1923-ல் ‘சர்’ பட்டம், 1929-ல் பரம்பரையாக வரும் ‘ராஜா’ பட்டம், இரண்டும் பிரிட்டிஷ் அரசு கொடுத்தவை. ஊரார் இரண்டையும் சேர்த்து ‘ராஜா சர்’ என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலேயருக்கு நெருக்கமான பணக்காரர் என்ற பார்வை அன்றைக்கும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் அப்போது சிதம்பரம் ஒரு கோயில் ஊர், அவ்வளவுதான். பின்னாடியே ஒரு தமிழ்க் கல்லூரியும் வந்தது. 1924-ல் அதற்கு முதல்வராக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? உ.வே.சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய அதே உ.வே.சா.தான். இந்தக் கல்லூரிகளையும் அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் ஒப்படைக்க, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது.

அந்த வளாகத்தில் ஓர் இசைக் கல்லூரியும் இருந்தது. மகா வைத்தியநாதையரின் சீடர் சபேசய்யர், தஞ்சை நால்வர் வழியில் வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் என்று பெரிய வித்வான்கள் அங்கே பாடம் நடத்தினார்கள். ஆட்களுக்குக் குறைவே இல்லை. பிரச்சினை பாடத்திட்டத்தில்தான். தமிழ்நாட்டின் நடுவே, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில், கற்றுத்தருகிற உருப்படிகளில் தமிழ் எங்கேயோ ஓரத்தில் இருந்தது. கச்சேரியிலும் அதே கதை. கடைசியில் துக்கடாவாக ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு வந்தால் உண்டு.

‘சரி, தமிழில் பாட வேண்டியதுதானே’ என்று நமக்குத் தோன்றும். அது அவ்வளவு எளிதில்லை. சீர்காழி முத்துத்தாண்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் தில்லைக்கு வந்து, கோயிலில் காதில் விழும் முதல் சொல்லை வைத்து ஒரு கீர்த்தனை பாடுவார் என்பது மரபுக்கதை. தினம் ஒன்று என்றால் ஆயிரக்கணக்கில் இருக்கணும். நம் கைக்கு வந்ததோ சுமார் 60 கீர்த்தனைகளும் 25 பதங்களும்தான். அதிலும் பலவற்றுக்கு வரிகள் மிஞ்சின, மெட்டு மிஞ்சவில்லை. மெட்டு இல்லாத பாட்டை எந்த ஆசிரியர் வகுப்பில் எடுப்பார்?

தேவாரத்துக்கும் இதே சிதம்பரத்தில் இப்படி ஒரு கதை உண்டு. கோயில் அறையில் கரையான் அரித்துக் கிடந்த ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாகச் சொல்வார்கள். செட்டியார் காலத்தில் வேலை வேறு மாதிரி இருந்தது. பழைய தமிழ்ப் பாடல்களைத் திரட்டணும், மெட்டு மறந்தவற்றுக்கு வித்வான்களை வைத்து மெட்டு போடணும், ஸ்வரக் குறிப்போடு அச்சடிக்கணும், பாடத்திட்டத்தில் ஏற்றணும். அதற்காகப் பணம் ஒதுக்கினார், புதிய பாடல்களுக்குப் பரிசுகள் அறிவித்தார். வங்கிக்காரர் மூளை என்றுதான் எனக்குப் படுகிறது. மேடையில் மொழி உணர்ச்சி பேசுவதோடு நிற்காமல், சரக்கு இருப்பை முதலில் சரிசெய்தார்.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. இசைப் பள்ளிகளிலும் கச்சேரிகளிலும் தமிழ்ப் பாடல்களுக்கே முதலிடம் என்பதுதான் அதன் சாரம். உடனே புயல் கிளம்பியது. மொழியைக் காரணம் காட்டி கர்நாடக இசையின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை சென்னை மியூசிக் அகாடமி எடுத்தது. இன்னொரு பக்கம் ராஜாஜி, கல்கி, டி.கே.சி. எல்லாம் தமிழிசைக்கு ஆதரவாக நின்றார்கள். கல்கி பத்திரிகையில் எழுதித் தள்ளினார்.

எதிர்த்தவர்கள் சொன்னதை முழுசாகத் தள்ளிவிட முடியாது. தியாகராஜர் கீர்த்தனைகளில் இருக்கும் சங்கதிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி மெருகேறியவை. நேற்று மெட்டுப் போட்ட பாட்டுக்கு அந்தப் பக்குவம் ஒரே நாளில் வராது. ஆனால் பாடவே விடாவிட்டால் எப்போது மெருகேறும்? தவிர, தியாகராஜரை விலக்கு என்று செட்டியார் தரப்பு கேட்கவில்லை. கேட்டது முதலிடத்தை.

1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. ஸ்வரக் குறிப்போடு பாடல் புத்தகங்களைத் தொகுதி தொகுதியாகப் பல்கலைக்கழகமும் வெளியிட்டது. செட்டியார் 1948 ஜூன் 15-ல் காலமானார். அடுத்த வருஷமே சங்கத்தின் பண் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பாரிமுனைப் பக்கம் போனால் கண்ணில் படும் ராஜா அண்ணாமலை மன்றம் 1952-ல் எழுந்தது.

சரி, இப்போதைய பள்ளி சேர்ந்திசைக் குழுவுக்கு இதில் என்ன இருக்கு? நிறையவே. பல்லவி திரும்பத் திரும்ப வரும் கீர்த்தனை வடிவம் கும்பலாகப் பாடவே செய்த மாதிரி இருக்கும். நன்றாகப் பாடுகிற ஓரிருவர் சரணத்தை எடுத்தால், மற்ற எல்லோரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். திருப்புகழ் கேட்க அமர்க்களம், ஆனால் அந்தச் சந்தத்தில் நாற்பது நாக்கு ஒன்றாகப் புரள்வது கஷ்டம். அதை நன்றாகப் பழகிய குழுவுக்கு விடலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் நேரம் என்பதால், மேல் ஸ்தாயியில் அதிகம் நிற்காத மெட்டாகப் பார்ப்பது நல்லது.

கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தேடி அலையவே வேண்டாம். கல்லில் கட்டிக் கடலில் வீசப்பட்ட அப்பர், நமச்சிவாயப் பதிகம் பாடி, கல்லே தெப்பமாகக் கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் அவர்கள் ஊர்த் திருப்பாதிரிப்புலியூர்தான். வள்ளலார் வாழ்ந்த வடலூரும் இதே மாவட்டம். சிதம்பரம் பிள்ளைகளுக்கோ பக்கத்துத் தில்லைவிடங்கனிலேயே ஒரு பாடலாசிரியர் இருக்கிறார். தமிழிசை மூவரில் ஒருவரான மாரிமுத்தாப் பிள்ளையின் ஊர் அது.