மட் டயர் போட்டால் மணலில் ஏன் புதைகிறது? விடை தேடிய ரால்ஃப் பேக்னால்டின் கதை

ஆஃப்-ரோடு வண்டி வாங்கியவர்களின் முதல் ஆசை பெரும்பாலும் மட் டயர்தான். பெரிய பெரிய பட்டன், முரட்டுத் தோற்றம், பார்க்கவே கெத்தாக இருக்கும். ஆனால், அதே டயரோடு மணலில் இறங்கி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முன்னால் போகாது, கீழேதான் போகும். சேற்றில் கலக்கிய டயர் மணலில் ஏன் தோற்றுப்போகிறது?

கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன்பே எகிப்துப் பாலைவனத்தில் ஒருவர் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டினார். அவர் பெயர் ரால்ஃப் பேக்னால்டு. இன்று ஆஃப்-ரோடு போகிறவர்கள் செய்யும் பல வேலைகளுக்குப் பின்னால் இவருடைய அனுபவம் இருக்கிறது.

யார் இந்த பேக்னால்டு?

1896-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. அக்கா ஈனிட் பேக்னால்டு பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர். ரால்ஃப் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, முதல் உலகப் போரில் பிரான்ஸில் இருந்தார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் போய்ப் பொறியியல் படித்துவிட்டு மறுபடியும் ராணுவத்துக்கே திரும்பினார்.

1920-களின் நடுவில் எகிப்தில் வேலை. விடுமுறை கிடைத்தால் மற்ற அதிகாரிகள் போலோ ஆடப் போவார்கள். இவரும் சில நண்பர்களும் ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். செலவெல்லாம் சொந்தக் காசு.

இதில் விளையாட்டு மட்டும் இல்லை, உயிர் ஆபத்தும் இருந்தது. லிபியப் பாலைவனத்தில் பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிணறுகூடக் கிடையாது. செல்போன் இல்லை, மீட்பு வண்டி இல்லை. கார் புதைந்து நின்றுவிட்டால், கையில் இருக்கும் தண்ணீர் தீருவதற்குள் அதை வெளியே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வர முடியாது.

காற்றைக் குறைத்தால் என்ன நடக்கும்?

பேக்னால்டு குழு நம்பிய முக்கியமான உத்தி, மணலுக்கு வந்ததும் டயரில் காற்றைக் குறைப்பது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? இதன் பின்னால் இருக்கும் கணக்கும் எளிதுதான்.

உங்கள் வண்டி 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயர் தாங்குவது சுமார் 400 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 180 சதுர சென்டிமீட்டர். காற்றை 16 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால், அதே 400 கிலோ சுமார் 350 சதுர சென்டிமீட்டரில் பரவும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு அச்சு அசலாக இருக்காது. ஆனால் பரப்பு கூடும், தரை மீதான அழுத்தம் குறையும். ஒட்டகத்தின் அகலமான பாதம் செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது.

அவர் கையாண்ட உத்திகள் இன்னும் உண்டு. கார் பாடியில் தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்க நீளமான இரும்புப் பலகைகளைக் கொண்டுபோனார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்யப்பட்டவை அவை. கெய்ரோ பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. இப்போது கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் ட்ராக்‌ஷன் போர்டுகளுக்கு அவைதான் முன்னோடி.

ரேடியேட்டர் கொதித்து ஆவியாகும் தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. ஒரு குழாய் வழியாக அந்த ஆவியைத் தண்ணீர் உள்ள டப்பாவுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காரின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பியதால், நிழலை வைத்துத் திசை சொல்லும் சூரியத் திசைகாட்டியை மேம்படுத்திப் பயன்படுத்தினார்.

மணல் குன்றின் மேல் கார்

1930-ல் அவர் ‘கிரேட் சாண்ட் சீ’ என்ற பெரும் மணற்கடலின் விளிம்புக்கு வந்தார். எதிரே சுவர்போல மணல் குன்றுகள். கார்கள் இதைக் கடக்க முடியாது என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. பேக்னால்டு வேகத்தைக் கூட்டி நேராகக் குன்றை நோக்கி ஓட்டினார். கார் புதையவில்லை. வழுக்கிக்கொண்டு போவதுபோல மேலே ஏறிவிட்டது!

குன்றின் ஒரு பக்கம் காரைத் தாங்குகிறது, மறுபக்கம் விழுங்குகிறது. ஏன்? 1935-ல் ராணுவத்திலிருந்து விலகிய பேக்னால்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார். காற்று வீசும் பக்கத்தில் துள்ளி வந்து விழும் மணிகள் மேற்பரப்பைத் தட்டித் தட்டி இறுக்கமாக அடுக்கிவிடுகின்றன. மறுபக்கச் சரிவில் மணல் சும்மா சரிந்து விழுகிறது, அதனால் அங்கே தளர்வாகக் கிடக்கிறது. இந்த ஆராய்ச்சி 1941-ல் புத்தகமாக வந்தது. பறக்கும் மணல் பற்றிய அடிப்படை நூலாக அதை இன்றும் கருதுகிறார்கள். 1944-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

போரில் கைகொடுத்த பொழுதுபோக்கு

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ராணுவம் அவரைத் திரும்ப அழைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியவர், மத்தியதரைக் கடலில் கப்பல் மோதலில் சிக்கி எகிப்தில் இறங்கினார். பாலைவனத்தில் தொலைதூரம் போகும் ரோந்துப் படை வேண்டும் என்று அவர் கொடுத்த யோசனையை முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்த பிறகு, தளபதி வேவல் அவரைக் கூப்பிட்டு ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார். நியூசிலாந்துத் தன்னார்வலர்களையும் செவ்ரோலெட் டிரக்குகளையும் வைத்து ‘லாங் ரேஞ்ச் டெஸர்ட் குரூப்’ உருவானது.

பாலைவனத்தின் பக்கமிருந்து தாக்குதல் வராது என்று இத்தாலியப் படை நம்பியிருந்தது. ஆனால் 1941 ஜனவரியில், கெய்ரோவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் முர்சுக் கோட்டையையே இந்தப் படை தாக்கியது. சொந்தக் காசில் போன விடுமுறைப் பயணங்களில் கற்ற பாடம்தான் இதற்கெல்லாம் அடித்தளம்.

சரி, அப்படியென்றால் மட் டயர் எதற்கு?

சேற்றின் இயல்பே வேறு. பல இடங்களில் மேலே குழைவான சகதியும் அடியில் கெட்டித் தரையும் இருக்கும். மட் டயரின் ஆழமான பட்டன்கள் சகதியைக் கிழித்து அந்தக் கெட்டித் தரையைப் பிடிக்கும். பட்டன்களுக்கு இடையே உள்ள அகலமான இடைவெளி, சக்கரம் சுழலும்போது ஒட்டிய சேற்றை வெளியே வீசிவிடும். சாதாரண டயரில் சேறு அடைத்துக்கொண்டு, டயர் வழவழவென்று ஆகிவிடும்.

தளர்ந்த மணலில் அப்படிக் கெட்டித் தரை சீக்கிரம் கிடைக்காது. பட்டன்கள் மண்வெட்டி மாதிரி தோண்டிக்கொண்டே போகும். தார் ரோட்டிலோ மட் டயருக்குச் சத்தம் அதிகம், மைலேஜ் குறையும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் பொதுவாக வண்டி நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படும்.

எனவே, டயர் கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வண்டி மாதத்தில் எத்தனை நாள் தார் ரோட்டில், எத்தனை நாள் சேற்றில், எத்தனை நாள் மணலில்? பெரும்பாலும் ரோடு, எப்போதாவது மண் பாதை என்றால் ஆல்-டெரெய்ன் டயர் போதும். வாரா வாரம் சகதியில் இறங்குபவர் என்றால் மட் டயருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. மணலுக்குப் போனால் எந்த டயராக இருந்தாலும் காற்றைக் குறைக்க வேண்டும். பலர் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கிறார்கள். ரொம்பக் குறைத்தால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். காற்றில்லாத டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கக்கூடும். ஆகவே, காசு மிச்சம் இருந்தால் முதலில் ஒரு பிரஷர் கேஜும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள்.

செவ்வாயிலும் அவர் பெயர்

பேக்னால்டு 1990-ல் தன் 94-வது வயதில் காலமானார். செவ்வாய்க் கோளில் கேல் பள்ளத்தில் இருக்கும் மணல் குன்றுகளுக்கு இப்போது அவர் பெயர். நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் 2015-ன் இறுதியில் அந்தக் குன்றுகளை நெருங்கி ஆராய்ந்தது. அதன் ஆறு சக்கரங்களும் அலுமினியம். குறைப்பதற்குக் காற்றே கிடையாது. 2014-ல் மணல் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் சக்கரம் சறுக்கத் தொடங்கியதும், அதை ஓட்டும் விஞ்ஞானிகள் ரோவரைப் பின்வாங்கச் செய்து வேறு பாதை தேடினார்கள். புதைந்தால் தள்ளிவிட அங்கே யாரும் இல்லை!