இருபத்திரண்டு வயதில் ஒரு கப்பல் பயணம்

டாக்டர் அம்பேத்கர் என்றதும் பலருக்கு இந்திய அரசியலமைப்புச் சட்டமும் கோட்டு அணிந்த சிலையும்தான் நினைவுக்கு வரும். எனக்கோ 22 வயதில் அவர் நியூயார்க்கில் கால் வைத்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் இப்போது அதே வயது.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவின் மாவ் நகரில், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மஹர் சாதியில் அவர் பிறந்தார். தந்தை இராணுவத்தில் சுபேதார். அதனால் வீட்டில் எழுத்து வாசனை இருந்தது. ஆனால் சதாராவில் பள்ளிக்குப் போனபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கை விரித்துத் தனியே அமர வேண்டியிருந்தது. குழாயை அவர் தொடக்கூடாது. பள்ளிச் சேவகர் திறந்துவிட்டால்தான் தண்ணீர். சேவகர் வராத அன்று தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போன நம்மில் பலர் மலாய்மொழி வராமல் வாயடைத்து நின்றிருப்போம். அங்கேயும் நமக்கு நாற்காலி இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது.

1912-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தார். மேற்படிப்புக்குக் கைகொடுத்தவர் பரோடா மன்னர் சாயாஜிராவ். அவரும் ஒரு கிராமத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, 12 வயதில் அரச குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டு அரியணை ஏறியவர்! மூன்றாண்டு உதவித்தொகை கிடைத்தது. பதிலுக்குப் பரோடாவில் பத்தாண்டு பணி புரிவதாக ஒப்பந்தம். கல்விக் கடன் தாளில் கையெழுத்திட்ட நண்பர்களுக்கு இதன் பாரம் புரியும்.

1913 ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே எல்லா மாணவர்களைப் போல அவரும் ஒரு மாணவர். விடுதியில் அறை, எல்லாரோடும் ஒரே மேசையில் உணவு, ஜான் டூயி போன்ற பேராசிரியர்கள். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். ஓராண்டுக்கு முன் நியூயார்க்கில் ஆய்வுரை படைத்த அதே மனிதர்தான். மாறியது ஊர் மட்டுமே. அவரது வாழ்க்கையில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். தண்ணீர்க் குழாய்கூட அல்ல.

பிறகு பம்பாயில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் கொலம்பியாவில் உடன் படித்த பார்சி நண்பர் ஒருவரும் உதவினர். 1920-இல் மீண்டும் இலண்டன். அரைவயிறு உணவு, பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். மனைவி ரமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைத் தாங்கினார். அவரது பெயரை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது.

1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அவ்வாண்டே அரசிடம் அளித்த மனுவில், ஒடுக்கப்பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்க அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். இன்னொரு மன்னரின் மனம் இரங்கும்வரை அடுத்த மாணவன் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலையை அவர் விரும்பினார்.