வெப்பத்தின் வழியை அளந்த வித்தகர்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு வெப்பம் செல்லும் என்பதை அடுப்படியில் நிற்கும் சிறுமியும் அறிவாள். ஆனால் எவ்வளவு, எத்துணை விரைவில் என்று கணக்கிட்டுக் காட்ட ஓர் அறிஞர் தோன்ற வேண்டியிருந்தது. அவர்தாம் பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை ஜோசப் ஃபூரியர்.

1768-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், ஓசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் பெற்றோரை இழந்தார். ஊரிலிருந்த இராணுவப் பள்ளி அவருக்குக் கல்வி தந்தது. கணிதத்தில் சிறந்து விளங்கியும் படையில் அதிகாரியாகும் வாய்ப்புக் கிட்டவில்லை. உயர்குடிப் பிறந்தோர்க்கே அப்பதவி என்பது அந்நாளைய வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலின் அவர் வரலாற்றில் இவ்விடத்தை என்னால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

புரட்சிக் காலத்தில், 1794-இல், சிறை புகுந்து மீண்டார். 1798-இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். 1802 முதல் கிரெனோபிள் நகரிலிருந்து ஒரு மாவட்டத்தையே ஆண்டார். சதுப்பு நிலங்களை வடியச் செய்தார், சாலை அமைத்தார். எஞ்சிய பொழுதில் இரும்பு வளையத்தைச் சூடாக்கி, வெப்பமானி கொண்டு அளந்தார்.

அவர் கண்ட உண்மை எளியது. ஒரு பொருளில் வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ, அவ்வளவு மிகுதியாக வெப்பம் பாயும். எத்தகைய வெப்பப் பரவலையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவரது துணிவான அடுத்த படி. அலைநீளம் பாதியானால் அவ்வலை நான்கு மடங்கு விரைவில் தேயும்.

1807-இல் பாரிஸ் கழகத்தில் இதனை அளித்தபோது, லக்ராஞ்சி போன்ற பெரியோரே ஏற்க மறுத்தனர். 1812-இல் பரிசு தந்தபோதும் குறை கூறியே தந்தனர். ஃபூரியர் சோர்ந்தாரா? இல்லை. பதினைந்து ஆண்டு காத்து, 1822-இல் தம் நூலை வெளியிட்டார். 1830-இல் மறைந்தார்.

நம் ஆய்வுக்கூடத்தில் லீ வட்டத்தட்டுச் சோதனை செய்கிறோமே, அதற்கு அடிப்படை அவர் விதியே. எனினும் அவ்விதிக்கும் ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கான் ஏட்டில், வெப்பத்தைச் சுமக்கும் அணு அதிர்வுகளாகிய ஃபோனான்கள் தம்முள் மோதுமுன்பே சுவரில் மோதிவிடுகின்றன. அதனால் கடத்துதிறன் வெகுவாகக் குறைகிறது. இங்கே போல்ட்ஸ்மான் சமன்பாட்டைக் கணிப்பொறியில் தீர்க்கிறார்கள். ஃபோனான்களைப் பகடை உருட்டுவதுபோல் ஒவ்வொன்றாய் ஓடவிட்டும் கணக்கிடுகிறார்கள். ஏட்டின் தடிப்பைக் கூட்டினால் விடை ஃபூரியர் விதிக்கே வந்து சேர்கிறது.

பிறப்பைக் காட்டி அடைத்த கதவு ஒன்று. அறிவைக் குறைகூறி அடைத்த கதவு மற்றொன்று. இரண்டின் முன்னும் அவர் கணக்கைக் கைவிடவில்லை. நண்பர்களே, நாம் கற்க வேண்டிய பாடம் சமன்பாடு மட்டுமன்று!