கடல் இல்லாத நாடு, ராஜா இல்லாத ராஜ்ஜியம்... 24 வருஷம் ஆண்ட அட்மிரலின் கதை!

போன்ல மேப்பைத் திறந்து ஹங்கேரியைத் தேடிப் பாருங்க. நாலு பக்கமும் நிலம்தான். கடலைப் பார்க்கணும்னா வேற நாட்டுக்குத்தான் போகணும். ஆனா, 1920-லிருந்து 1944 வரை அந்த நாட்டை ஆண்டவர் ஒரு கப்பற்படை அட்மிரல்! நாட்டின் பெயர் ஹங்கேரி ராஜ்ஜியம். ஆனா, ராஜா கிடையாது. அந்த விசித்திர நாட்டின் தலைவர் பெயர் மிக்லோஷ் ஹோர்த்தி. கேட்க காமெடியா இருந்தாலும், இந்தக் கதை போய் முடியற இடம் அப்படி இல்லை.

கிராமத்துப் பையன் கப்பல் ஏறினான்

1868 ஜூன் 18. ஹங்கேரியின் சமவெளியில் இருக்கும் கெண்டெரெஷ் கிராமத்தில், நிலபுலன் நிறைய இருந்த ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார் ஹோர்த்தி. அப்போ ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே பேரரசரின் கீழ் இருந்தன. ஏட்ரியாட்டிக் கடலோரமும் அவங்க கையில்தான். அங்கே இருந்த ஃபியூமே நகரில் (இன்றைக்கு குரோஷியாவின் ரியேகா) கப்பற்படை அகாடமியில் 14 வயசுல சேர்ந்தார். 1909-லிருந்து ஐந்து வருஷம் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் மெய்க்காப்பு அதிகாரிகளில் ஒருவர். அரண்மனைப் பழக்கவழக்கம் அத்தனையும் அங்கே கற்றுக்கொண்டதுதான்.

அவரை ஹீரோவாக்கியது முதல் உலகப் போர். இத்தாலிக்கும் அல்பேனியாவுக்கும் நடுவில் இருக்கும் ஒட்ரான்டோ நீரிணையை எதிரிகள் அடைத்து வைத்திருந்தார்கள். 1917 மே 15 அன்று நோவாரா என்ற போர்க்கப்பலில் போய் அந்தத் தடுப்பைத் தாக்கினார் ஹோர்த்தி. பலத்த காயம். ஆனாலும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கட்டளை கொடுத்தார். அடுத்த வருஷம் கட்டாரோ துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்ய, புதுப் பேரரசர் கார்ல், சீனியர்கள் பலரைத் தாண்டி ஹோர்த்தியைக் கப்பற்படைத் தலைவராக்கினார்.

அந்தப் பதவி நீடிக்கலை. 1918 ஜூனில் செண்ட் இஷ்ட்வான் என்ற பிரமாண்ட போர்க்கப்பலை இத்தாலியின் ஒரு சின்ன டார்பிடோ படகு மூழ்கடித்தது. அக்டோபர் 31-ல் மொத்தக் கப்பற்படையையும் தெற்கு ஸ்லாவ் மக்களின் தேசிய கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டு, வெறும் கையோடு ஊர் திரும்பினார்.

வெள்ளைக் குதிரையில் வந்தவர்

1919-ல் பேலா குன் தலைமையில் கம்யூனிஸ்ட்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். எதிர்த்தரப்பு ஹோர்த்தியைத் தளபதியாக்கியது. சில மாதங்களிலேயே ருமேனியப் படையிடம் தோற்று குன் ஆட்சி விழுந்தது. ருமேனியர்கள் விலகியதும், நவம்பர் 16-ல் வெள்ளைக் குதிரையில் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தார் ஹோர்த்தி. அந்தப் படம்தான் அவருடைய அடையாளமே ஆனது. படத்தில் தெரியாதது ஒன்று இருக்கு. அவருடைய படை அதிகாரிகள் கம்யூனிஸ்ட்கள், யூதர்கள் என நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அவர்களை அவர் காப்பாற்றவே செய்தார்.

1920 மார்ச் 1 அன்று நாடாளுமன்றம் அவரை ரீஜென்ட் ஆக்கியது. அதாவது, அரசர் இல்லாத நேரத்தில் அவர் இடத்திலிருந்து ஆள்பவர். மூணே மாதத்தில் ட்ரியனான் ஒப்பந்தம் வந்தது. ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது. கடலோரமும் போச்சு. 1921-ல் கார்ல் இரண்டு தடவை வந்து அரியணையைக் கேட்டார். தன்னை உயர்த்திய அதே கார்லை ஹோர்த்தி திருப்பி அனுப்பினார். அண்டை நாடுகள் போருக்கு வந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கார்ல் மதெய்ரா தீவில் அகதியாகி, 1922-ல் இறந்துபோனார்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

இழந்த நிலத்தை மீட்கணும் என்பதுதான் ஹோர்த்தியின் ஒரே குறி. ஹிட்லர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார். அதற்கான விலையும் கேட்டார். 1938-லிருந்து யூதர்களின் தொழில், உரிமைகளைப் பறிக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1941-ல், சில மாதங்களுக்கு முன்புதான் நட்பு ஒப்பந்தம் போட்ட யூகோஸ்லாவியா மேலேயே ஹங்கேரி பாய வேண்டியிருந்தது. அந்த அவமானம் தாங்காமல் பிரதமர் பால் டெலெகி தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷம், துணை ரீஜென்ட்டாக இருந்த ஹோர்த்தியின் மூத்த மகன் இஷ்ட்வான் விமான விபத்தில் இறந்தார்.

ஜெர்மனி தோற்கும் எனத் தெரிந்ததும் எதிர்த்தரப்போடு ரகசியப் பேச்சு நடந்தது. ஹிட்லருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. 1944 மார்ச் 19-ல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. ஹோர்த்தி பதவியில் தொடர்ந்தார்.

இனிமேல் வரும் தேதிகளைக் கவனமாகப் படிங்க. மே 15-ல் ரயில்கள் கிளம்பின. எட்டு வாரத்துக்குள் சுமார் 4,37,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. இதற்காக வந்த ஜெர்மானியர்கள் ஒரு சிறிய குழு மட்டுமே. வீடு வீடாகப் போய் ஆட்களைப் பிடித்து ரயிலில் ஏற்றியது ஹங்கேரியின் சொந்தக் காவல்படை. போப், ஸ்வீடன் மன்னர், அமெரிக்கா எனப் பல பக்கமும் அழுத்தம் வந்தபிறகு, ஜூலை தொடக்கத்தில் நிறுத்தச் சொன்னார் ஹோர்த்தி. இரண்டொரு நாளில் ரயில்கள் நின்றன. புடாபெஸ்ட்டில் இருந்த ஏறத்தாழ 2 லட்சம் யூதர்கள் அப்போதைக்குத் தப்பினார்கள்.

அக்டோபர் 15-ல் போரிலிருந்து விலகுவதாக வானொலியில் அறிவித்தார். அன்று காலையே அவருடைய இளைய மகனை ஜெர்மன் கமாண்டோக்கள் கடத்தியிருந்தார்கள். மகன் உயிரைக் காட்டி மிரட்ட, அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுப் பதவி விலகினார். ஆட்சி ஹங்கேரிய நாஜிகளான 'அம்புச் சிலுவை' கட்சியிடம் போனது. டான்யூப் ஆற்றங்கரையில் யூதர்களை நிறுத்திச் சுட்டது அவர்கள்தான். மகனோ விடுதலையாகலை, ஜெர்மன் முகாமுக்குத்தான் அனுப்பப்பட்டார். உயிர் மட்டும் தப்பியது.

போருக்குப் பிறகு ஹோர்த்தி மேல் வழக்கு வரலை. நியூரம்பர்க்கில் சாட்சி மட்டும் சொன்னார். கடைசி வருஷங்கள் போர்ச்சுகலின் எஸ்டோரில் கடற்கரை ஊரில். அவருடைய செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில், ஹங்கேரியிலிருந்து தப்பிய ஒரு யூதத் தொழிலதிபரும் இருந்தார். 1957 பிப்ரவரி 9-ல் இறந்தார். ரஷ்யப் படை வெளியேறிய பிறகே தன் உடல் ஊர் திரும்ப வேண்டும் என்று விரும்பியிருந்தார். 1993-ல் கெண்டெரெஷில் ஆயிரக்கணக்கானோர் கூட, மறுஅடக்கம் நடந்தது.

ஹங்கேரியில் இன்றைக்கும் அவரைப் பற்றிய சண்டை ஓயலை. சிதறிக் கிடந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவர் என்று ஒரு தரப்பு சிலை வைக்குது. ஜெர்மன் பிடியில் இருந்த கிழவரால் வேற என்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்குது. இன்னொரு தரப்புக்கு ஒரே ஒரு கேள்விதான். ஜூலையில் அவர் சொன்னதும் ரயில் நின்றதே... மே மாதம் அவர் ஏன் சொல்லலை?