நாவெழாத வழக்குரைஞர்

அறிஞர் நிறைந்த அவையில் அஞ்சாது பேசும் ஆற்றலைக் கற்றோர்க்குரிய சிறப்பாகத் தமிழர் போற்றினர். திருவள்ளுவர் அவையஞ்சாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். சொல்லையே கருவியாகக் கொண்ட வழக்குரைஞருக்கு அவ்வாற்றல் இன்றியமையாதது. எனினும், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய இளைஞர் ஒருவர் தம் முதல் வழக்கிலேயே பேச இயலாமல் இருக்கையில் அமர்ந்துவிட்டார். பின்னாளில் ஒரு நாடே செவிசாய்த்த காந்தியடிகளே அவர். நீதிமன்றங்களில் அவர் கழித்த தொடக்க நாள்கள், தொழில் அறமாக மலர்ந்த வரலாற்றைக் காட்டுகின்றன.

பட்டமும் கலக்கமும்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, 1888ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் கப்பலேறி இலண்டன் சென்றபோது அவருக்கு 19 வயது நிறைவடையவில்லை. அங்கு இன்னர் டெம்பிள் என்னும் சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் பாரிஸ்டராக விரும்புவோர் தேர்வுகளில் தேறுவதோடு, 12 பருவங்கள் நிறுவனத்தின் விருந்துகளிலும் கலந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் நடைபெறும் 24 விருந்துகளில் குறைந்தது 6 விருந்துகளுக்கு வருகை தருதல் விதி. பிறர் எளிதாகக் கடந்துவிடும் தேர்வுகளுக்குக் காந்தி கடுமையாக உழைத்தார். உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே பயின்றார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டரானார். மறுநாள் உயர் நீதிமன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஜூன் 12ஆம் நாளே தாயகம் நோக்கிப் புறப்பட்டார்.

பட்டம் கைக்கு வந்தும் மனத்தில் தெளிவு வரவில்லை. சட்டத்தைப் படித்தாரேயன்றி அத்தொழிலைச் செய்யும் முறையை அவர் கற்றிருக்கவில்லை. இந்து, இசுலாமியச் சட்டங்களை அறியார். வழக்குரை ஒன்றை எழுதும் பயிற்சியும் இல்லை. இக்கலக்கத்தோடு இலண்டனில் அவர் நாடிய பெரியவர்களுள் ஒருவர் பிரெடரிக் பின்கட். நேர்மையும் உழைப்பும் உடையவர்க்கு இத்தொழிலில் பிழைப்பு அரிதன்று எனவும், சட்ட நூலறிவோடு உலகியல் அறிவும் மனித இயல்பு பற்றிய அறிவும் வேண்டும் எனவும் அவர் அறிவுறுத்தினார். அவ்வுரையின் முழுப்பொருள் காந்திக்குப் பின்னரே விளங்கியது.

முதல் வழக்கு

ஊர் திரும்பிய காந்தியைத் தாயின் மறைவுச் செய்தி வரவேற்றது. தமையனார் இலட்சுமிதாசு, தம்பியின் வருவாயால் குடும்பம் தலைநிமிரும் என நம்பியிருந்தார். சொந்த ஊர்ப் பகுதியில் தொழில் தொடங்கும் துணிவு காந்திக்கு இல்லை. ஆகவே, உயர் நீதிமன்ற நடைமுறைகளை அறியவும் இந்தியச் சட்டங்களைப் பயிலவும் பம்பாய் சென்றார். கிர்காமில் தங்கியிருந்த இல்லத்திலிருந்து உயர் நீதிமன்றத்திற்கு நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தே செல்வார். அங்கு நடைபெறும் விவாதங்களைப் பின்தொடர இயலாமல் சில வேளைகளில் உறங்கிவிடுவதும் உண்டு.

அந்நாளில் வழக்குகளைப் பிடித்துத் தருவோர்க்குத் தரகு கொடுக்கும் வழக்கம் இருந்தது. தரகு தர மறுத்த காந்திக்கு ஒருவழியாகச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் ஒரு வழக்குக் கிடைத்தது. ஊதியம் 30 ரூபாய். ஒரே நாளில் முடிந்துவிடக்கூடிய எளிய வழக்கு. பிரதிவாதிக்காக முன்னிலையான அவர், வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்து நின்றார். நெஞ்சு படபடத்தது, தலை சுழன்றது. கேட்பதற்கு ஒரு வினாகூடத் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். தம்மால் வழக்கை நடத்த இயலாது என வழக்கைக் கொண்டுவந்தவரிடம் கூறி, பெற்ற பணத்தைத் திருப்பியளிக்க முன்வந்தார். 51 ரூபாய்க்கு வேறொரு வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். நாணம் மேலிட நீதிமன்றத்தை விட்டு வெளியேறிய காந்தி, தம் கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதைக்கூட அறிந்துகொள்ளவில்லை. துணிவு பிறக்கும்வரை வழக்கு எதனையும் ஏற்பதில்லை என்று உறுதிபூண்டார்.

பள்ளியொன்றில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்கும் பணிக்கு விண்ணப்பித்தார். மாத ஊதியம் 75 ரூபாய். பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்னும் காரணத்தால் அதுவும் கிட்டவில்லை. ஆயினும், போர்பந்தரில் நிலத்தைப் பறிகொடுத்த ஏழை இசுலாமியர் ஒருவருக்காக அவர் எழுதிய விண்ணப்பம் நண்பர்களின் பாராட்டைப் பெற்றது. நாவால் இயலாததைத் தம் எழுதுகோலால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை சிறிது அரும்பியது. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப்பின் பம்பாயை விட்டு இராஜ்கோட் சென்று, மனுக்கள் எழுதிக்கொடுத்து மாதம் 300 ரூபாய் அளவில் ஈட்டினார். தரகு பற்றிய உறுதி அங்கே சற்றுத் தளரவும் நேர்ந்தது. அதிகாரிகளின் செருக்கும் சிற்றரசுகளின் சூழ்ச்சிகளும் நிறைந்த அச்சூழலில் அவர் மனம் ஒன்றவில்லை.

தலைப்பாகையும் தன்மானமும்

இந்நிலையில் தென்னாப்பிரிக்காவில் வாணிகம் செய்த தாதா அப்துல்லா நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. பிரிட்டோரியாவில் நடைபெறும் 40,000 பவுன் தொடர்பான வழக்கில் அவர்களுடைய வழக்குரைஞர்களுக்குத் துணைபுரிய வேண்டும். காலம் ஓராண்டு; ஊதியம் 105 பவுன். ஏறத்தாழ ஒரு பணியாளரின் நிலையே அது என அறிந்தும் காந்தி அதனை ஏற்று, 1893ஆம் ஆண்டு மே மாதத்தில் டர்பன் சென்றடைந்தார்.

சென்ற இரண்டொரு நாள்களில் அப்துல்லா அவரை டர்பன் நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்றார். காந்தியை உற்று நோக்கிய நீதிபதி, தலைப்பாகையை அகற்றுமாறு பணித்தார். காந்தி மறுத்து வெளியேறினார். தம் செயலின் நியாயத்தை விளக்கிச் செய்தித்தாள்களுக்கு எழுதினார். பம்பாயில் வினா ஒன்றும் தோன்றாமல் வெளியேறிய அதே இளைஞர், இங்குத் தன்மானத்தின் பொருட்டு வெளியேறினார். அச்சத்திற்கும் உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

உண்மையைத் தேடிய உழைப்பு

பிரிட்டோரியா வழக்கின் உயிர்நாடி வணிகக் கணக்குகளில் இருந்தது. காந்திக்கோ கணக்கியல் தெரியாது. கடனுறுதிச் சீட்டு என்னும் சொல்லே புதிது. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. கணக்கியல் நூலொன்றை வாங்கிப் பயின்றார். குசராத்தி மொழியிலிருந்த கடிதங்களையும் ஆவணங்களையும் ஒன்றுவிடாமல் ஆராய்ந்தார். நிகழ்ந்தவற்றை நுட்பமாக அறிந்துகொண்டால் சட்டம் தானே துணைக்கு வரும் என்னும் உண்மையை இவ்வுழைப்பால் உணர்ந்தார்.

கட்சிக்காரரின் பக்கம் வலுவாக இருப்பதை ஆவணங்கள் காட்டின. அதே வேளையில் மற்றோர் உண்மையும் புலப்பட்டது. வழக்காடிய இருவரும் உறவினர், ஓரூரினர். வழக்கு நீளுமாயின், வழக்குரைஞர் ஊதியமும் செலவும் பெருகி இருவரையும் அழித்துவிடும். எனவே, எதிர்த்தரப்பினரான தயப் சேட்டை நேரில் கண்டு நடுவர் தீர்ப்புக்கு இசையுமாறு வேண்டினார். பெருமுயற்சிக்குப்பின் இருவரும் இசைந்தனர். நடுவர் முன்னிலையில் தாதா அப்துல்லா வென்றார். 37,000 பவுனும் வழக்குச் செலவும் அவருக்குரியன ஆயின.

அத்தொகையை ஒரே முறையில் செலுத்தினால் தயப் சேட்டின் வாணிகம் நொடித்துவிடும். கடனைத் தீர்க்க இயலாத இழிவினும் இறப்பே மேல் எனக் கருதிய வணிகர் மரபினர் அவர். காந்தி தம் கட்சிக்காரரிடமே மன்றாடி, நீண்ட காலத் தவணைகளில் பணம் பெற உடன்படச் செய்தார். நடுவர் தீர்ப்புக்கு இசைவித்ததைவிட இதுவே அவருக்குக் கடினமாயிற்று. முடிவில் இருவரின் மதிப்பும் காக்கப்பட்டது. பிரிந்தவரை இணைப்பதே வழக்குரைஞரின் உண்மைக் கடமை என்பதைக் காந்தி அங்கே கற்றார்.

பாலசுந்தரத்தின் முண்டாசு

இந்தியரின் வாக்குரிமைக்காகப் போராட நேட்டாலிலேயே தங்கிய காந்தி, 1894இல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். வழக்குரைஞர் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் அவ்வெதிர்ப்பைத் தள்ளுபடி செய்தது. உறுதிமொழி எடுத்தபின், மன்றத்தின் மரபுப்படி தலைப்பாகையை அகற்றுமாறு தலைமை நீதிபதி கூறினார். இம்முறை காந்தி பணிந்தார். பெரிய போராட்டங்களுக்காகத் தம் ஆற்றலைக் காத்துக்கொள்ளல் வேண்டும் எனக் கருதினார். நண்பர்கள் சிலர் இதனை ஏற்கவில்லை.

சில மாதங்களில் அவர் அலுவலகத்திற்குப் பாலசுந்தரம் என்னும் தமிழர் வந்தார். ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்து சென்றவர். கிழிந்த ஆடை, உடைந்த முன்பற்கள் இரண்டு, குருதி வழியும் வாய். முதலாளி அடித்த அடியின் விளைவு அது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் ஏந்தியவாறு நடுங்கி நின்றார். வெள்ளையரைக் காணச் செல்லும் கூலியாள்கள் தலையணியை அகற்ற வேண்டும் என்னும் கொடிய வழக்கம், தம் நாட்டவர் முன்னும் அவரை அவ்வாறு நிற்கச் செய்தது. காந்தி உளம் நொந்தார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். தயங்கியவாறே முண்டாசைக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகம் மலர்ந்தது.

அலுவலகத்தில் பணியாற்றிய தமிழ் எழுத்தர் வாயிலாகச் செய்தியை அறிந்த காந்தி, அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்று பெற்றார். பின் நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. எனினும், அவரைத் தண்டிப்பதைக் காந்தி நோக்கமாகக் கொள்ளவில்லை. ஒப்பந்தக் கூலி முதலாளியைவிட்டு நீங்கினால் குற்றவாளியாவார் என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித்தர முதலாளியை இசைவித்து, பாலசுந்தரத்திற்கு வேறு முதலாளியையும் தேடித்தந்தார். இச்செய்தி தொழிலாளரிடையே பரவியது. சென்னை மாகாணத்திலும் எதிரொலித்தது. தமக்காகப் பரிந்து நிற்க ஒருவர் உள்ளார் என்னும் நம்பிக்கையோடு ஒப்பந்தத் தொழிலாளர் அவரை நாடி வந்தனர்.

காந்தியடிகள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வழக்குரைஞராக விளங்கினார். அக்காலத்தின் பெரும்பகுதியை நூற்றுக்கணக்கான வழக்குகளில் இருதரப்பினரையும் இணக்கம் காணச் செய்வதிலேயே செலவிட்டார். அதனால் அவர் பொருளையும் இழக்கவில்லை. தம் உள்ளத்தின் தூய்மையையும் இழக்கவில்லை. சொல் வன்மை வாய்க்காத நாளில் அவரிடம் எஞ்சியிருந்தவை உழைப்பும் வாய்மையும் பிறர் துன்பம் உணரும் நெஞ்சமுமே. அவற்றை அவர் கைவிடாதிருந்தார். அவருக்கு உரிய சொல்லும் காலப்போக்கில் வந்து சேர்ந்தது.