வட்டி கட்ட மறுத்தவர்

அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பதும், அவன் உழைத்தும் தீராமல் பேரன் போய் நிற்பதும் நம் சேரிகளுக்குப் புதிய கதை அல்ல. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் அது தொடர்ந்ததை நாம் அறிவோம். இதுவே ஒரு நாட்டுக்கு நேர்ந்தால்? அந்தக் கேள்வியைத் துணிந்து எழுப்பியவர் மேற்கு ஆப்பிரிக்காவின் தாமஸ் சங்காரா. எழுப்பிய மூன்றே மாதத்தில் அவர் உயிரோடு இல்லை.

அப்பர் வோல்டா என்ற பிரெஞ்சு காலனியில், யாகோ என்ற ஊரில் 1949 டிசம்பர் 21 அன்று பிறந்தார். தந்தை காவல் படையில் வேலை பார்த்தவர். மோசி, ஃபுலானி என்ற இரு இனங்களும் கலந்த சில்மி-மோசி பிரிவைச் சேர்ந்த குடும்பம். மோசி அரசர்களும் ஊர்த் தலைவர்களும் உச்சியில் இருந்த அந்தச் சமூகத்தில் இந்தக் கலப்புப் பிரிவைத் தாழ்வாகவே பார்த்தார்கள். நம் ஊர்ச் சாதியை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாதுதான். ஆனாலும் பிறப்பை வைத்து ஆளை அளக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் நமக்கு அடையாளம் தெரியும்.

மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். அவரோ ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சிக்காக மடகாஸ்கர் போன இடத்தில், 1972இல் மக்கள் திரண்டு எழுந்து ஓர் ஆட்சியைச் சாய்த்ததை நேரில் பார்த்தார். 1981இல் தகவல் துறைப் பொறுப்பு கிடைத்தபோது கூட்டத்துக்குச் சைக்கிளில் போனார். மறு ஆண்டே பதவியை விட்டார். 1983 ஜனவரியில் பிரதமர். மே மாதம் கைது. ஆகஸ்ட் 4 அன்று நண்பர் பிளேஸ் கொம்பவோரே படையோடு வர, ஆட்சி கைக்கு வந்தது. அப்போது வயது 33.

சரியாக ஓராண்டு கழித்து நாட்டின் பெயரை மாற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றை வைத்து இட்ட பெயர் போய், நிமிர்ந்த மனிதர்களின் நாடு என்று பொருள்படும் புர்கினா ஃபாசோ வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தெருப்பெயரே சாதியைக் காட்டிக் கொடுக்கும் இடத்தில் வாழ்ந்து பார்க்காதவர்கள்.

ஊர்த் தலைவர்களுக்குக் கிராமத்தார் கட்டிய தலைவரியையும், கூலியில்லாமல் செய்த வெட்டி வேலையையும் ஒழித்தார். நிலத்தை அரசுடைமை ஆக்கினார். மகர் மக்களைக் கிராம ஊழியத்தில் கட்டிப் போட்டிருந்த வதன் முறைக்கு எதிராக அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்ததை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

அவர் ஆட்சிக்கு வந்த நேரம் மோசமானது. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியதில், கடன் வாங்கிய ஏழை நாடுகள் திணறின. 1982இல் மெக்சிகோ கையை விரித்தது. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் புதிய கடனோடு நிபந்தனைகளையும் கொண்டுவந்தன: மானியத்தை வெட்டு, அரசு நிறுவனத்தை விற்று விடு, இறக்குமதிக்குக் கதவைத் திற. கட்டமைப்புச் சீரமைப்பு என்று இதற்குப் பெயர். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணத்தில்தான் முதலில் கை வைத்தார்கள்.

சங்காரா அந்தத் திட்டத்தில் கையெழுத்திடவில்லை. சிக்கனத்தை மேலிருந்து தொடங்கினார். அரசின் மெர்சிடிஸ் கார்களை விற்றார். அமைச்சர்களுக்கு ரெனோ 5 என்ற மலிவான சிறு கார். தம் சம்பளத்தையும் குறைத்துக் கொண்டார். விளைந்த பருத்தியைப் பஞ்சாக ஏற்றுமதி செய்துவிட்டுத் துணியை வெளியிலிருந்து வாங்கும் நாடு அது. ஆகவே அரசு ஊழியர்கள் உள்ளூர்க் கைத்தறியான ஃபாசோ டான் ஃபானி உடுத்த வேண்டும் என்றார். 1984இல் சில வாரங்களுக்குள் சுமார் 25 லட்சம் குழந்தைகளுக்குத் தட்டம்மை, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. ரயில் பாதைக்கு வெளிக்கடன் கிடைக்காதபோது, வாகடூகுவிலிருந்து காயாவை நோக்கி மக்களே தண்டவாளம் போட்டார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்பையும் கட்டாயத் திருமணத்தையும் தடை செய்தார்.

அவர் ஆட்சியில் எல்லாம் நன்றாக நடந்தது என்று நாம் எழுத மாட்டோம். 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார். எழுத்தறிவு இல்லாதவர்களே அதிகம் இருந்த நாட்டில் அந்த இழப்பைத் தாங்கியவை ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகள். புரட்சி நீதிமன்றங்களில் வக்கீல் வைத்துக் கொள்ளவும் வழியில்லை. சங்கமும் பத்திரிகையும் எதிர்த்துப் பேசும் உரிமையின் அருமை தெரிந்த நமக்கு இது சின்ன விஷயம் ஆகாது.

1987 ஜூலை 29. அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு. கடன் என்பது காலனி ஆட்சியின் மறுவடிவம், நேற்று ஆண்டவர்களே இன்று கடன் கொடுத்தவர்கள் என்றார். நாம் கட்டாவிட்டால் அவர்கள் சாக மாட்டார்கள், கட்டினால் நாம் சாவோம் என்று விளக்கினார். எல்லோரும் சேர்ந்து மறுப்போம், புர்கினா மட்டும் மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்க மாட்டேன் என்று சிரிப்புக்கிடையே சொன்னார். அரங்கம் கைதட்டியது. சேர்ந்து மறுக்க எந்த நாடும் வரவில்லை.

அக்டோபர் 15 அன்று, வாகடூகுவில் கூட்டம் நடத்திக் கொண்டிருந்தபோது அவரையும் உடனிருந்த 12 பேரையும் சுட்டுக் கொன்றார்கள். இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். கடனைப் பற்றிப் பேசியதற்காகவே கொன்றார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. உள்ளே பதவிப் போட்டியும் இருந்தது. ஆனால் அடுத்து ஆட்சிக்கு வந்தவர் கொம்பவோரே. 1991இல் சர்வதேச நிதியத்தின் சீரமைப்புத் திட்டம் அந்த நாட்டுக்குள் வந்தது.

கொம்பவோரேயின் 27 ஆண்டு ஆட்சியை 2014இல் தெருவில் இறங்கிய மக்கள் முடித்து வைத்தனர். 2022 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவரோ ஐவரி கோஸ்ட்டில் இருந்தார். 2023 பிப்ரவரியில் சங்காராவின் எலும்புகளைக் கொண்டுவந்து, அவர் சுடப்பட்ட அதே இடத்தில் மீண்டும் புதைத்தார்கள்.